வாசம் வருதா, டீச்சர்?

ஒரு வீட்டிலிருந்து அவர் ஒரே தடவையில் கிளம்பி நான் பார்த்ததில்லை. வேலை முடிந்தது என்று சாமான் பையை மொபெட்டில் மாட்டுவார். "வாரேன் டீச்சர்" என்பார். தெருமுனை வரைக்கும் போவார். அங்கே வண்டி நிற்கும், திரும்பும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, யாரையும் கேட்காமல் நேரே அடுப்படிக்குள் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வார். சட்டைப் பையிலிருந்து ஒரு சவரப் பிரஷ் வெளியே வரும். டப்பாவில் வைத்திருக்கிற சோப்புத் தண்ணீரில் அதை முக்கி, குழாய் சேருகிற இடத்தில் நுரையாகத் தடவுவார். பிறகு முகத்தை அதன் கிட்டே கொண்டுபோய் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். காஸ் கசிந்தால் அந்த நுரையில் குமிழ் கிளம்பும். ஒன்றும் கிளம்பவில்லை என்று உறுதியான பிறகுதான் எழுந்திருப்பார்.

எழுந்ததும் ஒரு கேள்வி கேட்பார். "வாசம் வருதா, டீச்சர்? நல்லா இழுத்துப் பாருங்க."

நானும் குனிந்து மோந்து பார்த்து, "ஒண்ணும் வரலண்ணே" என்பேன். வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

காரைக்குடியில் ஒரு காஸ் ஏஜென்சியில் ஃபிட்டராக இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். ஒல்லியான உடம்பு. தரையில் மண்டியிட்டு மண்டியிட்டு முழங்கால் இரண்டிலும் காய்ப்பு. குன்றக்குடிப் பக்கம் வீடு. பேச்சு குறைவு. எங்கள் அடுப்படியை இடித்துப் புதுசாகக் கட்டியபோதுதான் எனக்குப் பழக்கமானார். கொரோனா அடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம் அது.

பழைய அடுப்படியில் மேடைக்குக் கீழேயே சிலிண்டர் இருக்கும். அதைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய்க் கம்பிக்கூண்டில் வைத்து, அங்கிருந்து செம்புக் குழாய் வழியாக உள்ளே அடுப்புக்குக் காஸ் வர வேண்டும் என்று திட்டம். அலமாரி, மேடை, டைல்ஸ் எல்லாவற்றையும் ஓர் இன்டீரியர்காரரிடம் ஒப்படைத்திருந்தோம். சின்ன வயது, வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் போன். படம் போட்டுக் காட்டுவதில் கெட்டிக்காரர். அவர் படத்தில் குழாயே கிடையாது. சுவரைக் கொத்தி உள்ளே புதைத்து, மேலே பூசி, டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார்.

"அலமாரிக்குப் பின்னால வளைஞ்சு போகணும்னா ரெண்டு ஜாயிண்ட் வரும். செவுத்துக்குள்ள நான் ஜாயிண்ட் வைக்க மாட்டேன்" என்றார் இவர்.

"எல்லா வீட்லயும் அப்படித்தாண்ணே போடுறோம். ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னா எழுதிக் குடுத்துருவீகளா?"

இன்டீரியர்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. என் கணவர் பக்கம் திரும்பி, "சார், வெளியில தெரியிற மாதிரி, முறிக்காம ஒரே குழாயாக் கொண்டு போறேன். செவுத்தைத் தாண்டுற எடத்துல மட்டும் ஒரு பெரிய குழாயைப் பதிச்சு அதுக்குள்ள விட்டுருவோம். பாக்க லேசா அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்" என்றார்.

என் கணவருக்கு மனமில்லை. நான்தான் சரி என்றேன். ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார். கைக்குள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குழாயை வளைத்ததைப் பார்த்தால் குழந்தைக்குக் கை கால் நீவிவிடுகிற மாதிரி இருந்தது. சுவர் ஓரமாகச் சாண் இடைவெளிக்கு ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கினார். டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் வெளியே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு அவரைத் திட்டினார்கள்.

அந்த வாரம்தான் வீட்டுக்குள் ஒரு பெருச்சாளி செத்துப்போனது. பழைய பரணை இடித்துக் குவித்திருந்த செங்கலுக்கு அடியில் எங்கேயோ கிடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானம் வந்தேன். வாசலிலேயே பிண நாற்றம் அடித்தது. டைல்ஸ்காரர்கள் எல்லோரும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருவில் நின்றார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் நிதானமாக எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்தார். அவர் கை பாதியில் நின்றது. சுற்றிலும் பார்த்தார்.

"என்ன டீச்சர், ஏதும் நாத்தமா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் "வாசம் வருதா" என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் வந்தது.

கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. கொரோனா வந்து பதினைந்து நாள் படுத்திருந்தாராம். காய்ச்சல் போனது, இருமல் போனது, போன வாசம் மட்டும் திரும்பவே இல்லை. "உப்பும் புளிப்பும் தெரியுது டீச்சர். மத்தபடி கருவாட்டுக் கொழம்பும் ஒண்ணுதான், கத்திரிக்காய்க் கொழம்பும் ஒண்ணுதான்."

"டாக்டரைப் பாத்தீகளா?"

"மருதைக்கே போய்ப் பாத்தேன். வந்தா வரும்னுட்டாரு." குரலைத் தாழ்த்தினார். "வீட்ல அவளுக்குக்கூடத் தெரியாது. ஒவ்வொரு நாளும் கொழம்பு எப்படி இருக்குன்னு கேப்பா. நல்லாருக்குன்னு சொல்லிருவேன். ஏஜென்சிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே என்னைய எறக்கிவிட்ருவாக. ஆனா டீச்சர், மூக்கு இருந்தப்ப நான் இவ்வளவு பாத்ததில்ல. மோந்து பாத்துட்டுப் போயிக்கிட்டே இருப்பேன். இப்பத்தான் ஒவ்வொரு ஜாயிண்டையும் மூணு தடவை பாக்குறேன். நீங்க யாருகிட்டயும் சொல்லிறாதீக."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அடுப்படி முடிந்தது. புது அடுப்பைப் பற்ற வைத்துப் பால் காய்ச்சினோம். அதற்குப் பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். இரண்டாம் நாள் வந்தார். ஒரு வாரம் கழித்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை. "இந்தப் பக்கம் வந்தேன்" என்பார். நுரையைத் தடவுவார், பார்ப்பார், போவார். மூன்றாம் தடவை வந்தபோது என் கணவர் வீட்டில் இருந்தார். ஃபிட்டர் கிளம்பிப் போனதும் என்னிடம் கேட்டார். "இந்த ஆளு எதுக்குச் சும்மா சும்மா வாரான்? நீ தனியா இருக்கிற நேரம் பாத்து வாரானா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த மனிதரைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு எங்கள் வீட்டில் இருக்கக்கூடாது என்று தோன்றியது. "அய்யோ, அப்படியெல்லாம் பேசாதீக. அவருக்கு வாசமே தெரியாது. பாவம், அந்தப் பயத்துலதான் வந்து வந்து பாக்குறாரு" என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். என் கணவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "வாசம் தெரியாத ஆளா நம்ம வீட்டுக்குக் காஸ் லைன் போட்டது? சின்னப் பையன் இருக்கிற வீடு!" என்றார். இந்த விஷயம் வெளியே போகக்கூடாது என்று கெஞ்சினேன். தலையாட்டினார். மறுநாள் காலையில் இன்டீரியர்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் ஏஜென்சிக்குச் செய்தி போய்விட்டது.

அடுத்த மாதம் சிலிண்டர் கொண்டுவந்து போட்டது அவர்தான். ஃபிட்டர் வேலையிலிருந்து எடுத்து லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அந்த ஒல்லி உடம்பு தோளில் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போவதைப் பார்த்தபோது நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்னே மாதிரியே ரெகுலேட்டரை மாட்டினார், பிரஷ்ஷை எடுத்தார், நுரையைத் தடவினார், "வாசம் வருதா, டீச்சர்?" என்றார்.

கிளம்பும்போது மட்டும் சொன்னார். "வீட்லயும் தெரிஞ்சு போச்சு. இப்ப அவ கேக்குறதில்ல, கொழம்பு எப்படி இருக்குன்னு."

எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவர் மலர்விழி. நாச்சியாபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். பால் காய்ச்சிய அன்றைக்கு வந்து என் அடுப்படியைப் பார்த்தவர் மேடையைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்டீரியர்காரரின் நம்பரை நான்தான் கொடுத்தேன். "அந்தக் குழாய் மட்டும் வெளிய தெரியாமப் போடச் சொல்லணும் டீச்சர். மத்ததெல்லாம் இப்படியே வேணும்" என்றார். எங்கள் வீட்டுக் குழாய் ஏன் வெளியே தெரிகிறது என்று நான் அப்போது விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அசிங்கமாகத்தான் இருக்கிறது என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

மலர்விழி வீட்டில் அடுப்படி வேலை நடந்தபோது இவர் லோடு ஆட்டோவில் இருந்தார். இன்டீரியர்காரர் தன் ஆளை வைத்தே குழாயைச் சுவருக்குள் புதைத்துவிட்டார்.

அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மலர்விழி அன்றைக்கு மத்தியானம் லீவு போட்டிருந்தார். அவர் போன் வந்தது.

"டீச்சர், சிலிண்டர் போட வந்தவரு செவுத்த ஒடைக்கச் சொல்றாரு. குழாய் வெளிய வாற ஓட்டைல நுரை பொங்குதாம். எனக்கு ஒரு வாசமும் வரல, புது அலமாரிப் பசை வாடைதான் அடிக்குது. இவருக்குத்தான் வாசம் தெரியாதுன்னு பேசிக்கிட்டாகளே, அவருதானே இது?"

பின்னால் அவர் குரல் கேட்டது. "அவுகளையே கேளுங்கம்மா. அவுக வீட்டு லைன் நான் போட்டதுதான்."

என் முன்னால் அறுபது தாள் இருந்தது. மூன்று மணிக்குள் மதிப்பெண் பட்டியல் கொடுக்க வேண்டும். "அவரு கொஞ்சம் அதிகமாத்தான் பாப்பாரு. எதுக்கும் இன்டீரியர்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றேன். போனை வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

இவர் போன பிறகு மலர்விழி கேட்டதற்கு இன்டீரியர்காரர், புதுசில் அப்படித்தான் இருக்கும், நாலு நாளில் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் இவர் ரெகுலேட்டரைக் கழற்றித் தனியே வைத்திருந்தாராம். அடுப்பில் பாதி வெந்த சோறு இருந்திருக்கிறது. மகள் பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வந்துவிடுவாள், மாட்டிவிட்டுப் போங்கள் என்று மலர்விழி சொன்னதும் மறுபடி மாட்டியிருக்கிறார். சமைத்து முடித்த கையோடு சிலிண்டரை மூட வேண்டும், கீழே அலமாரிக் கதவைச் சாத்தவே கூடாது, காஸ் கீழேதான் தங்கும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். மலர்விழி இரண்டு நாள் அப்படியே செய்தார். மூன்றாம் நாள் மறந்துவிட்டார். ஒரு நாள்தான் மறந்தார்.

மறுநாள் காலையில் காப்பி போட அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார். மகள் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்ததால் பிழைத்தாள். ஜன்னல் கதவு தெருவில் வந்து விழுந்தது என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தார். நான் போனபோது முகத்தைப் பார்க்க விடவில்லை. திரைக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நாச்சியாபுரத்தில் அந்தச் சாவு வீட்டுக்கு அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே காக்கிச் சட்டையில் வந்து பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார். இன்டீரியர்காரரும் வந்திருந்தார். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "கடைசியா சிலிண்டர மாட்டினது அந்தா நிக்கிற ஆளுதான். வாசமே தெரியாத ஆளை ஏஜென்சிக்காரன் அனுப்பியிருக்கான். வேற என்ன ஆகும்?"

மலர்விழியின் தம்பி காதில் அது விழுந்தது. பந்தலிலிருந்து ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தான்.

"நீதான் மாட்டினியா?"

"ஆமாந்தம்பி. நான்தான் மாட்டுனேன்."

அடி விழுந்தது. கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. சுவரைப் பற்றி, நுரையைப் பற்றி, தான் எச்சரித்தது பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்து போனேன். "விடுங்க அவரை. அவரு சொன்னாரு. செவுத்துக்குள்ள கசியுதுன்னு சொன்னாரு. மலர் டீச்சர் எனக்குப் போன் பண்ணிக் கேட்டாக. நான்தான் இன்டீரியர்காரரைக் கேட்டுக்கங்கன்னு சொன்னேன்" என்றேன். தம்பியின் கை தளர்ந்தது. இன்டீரியர்காரர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நழுவினார்.

மலர்விழியின் கணவர் பாடையருகே உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார். "நீங்க ஒடைக்கச் சொல்லியிருந்தா அவ ஒடச்சிருப்பா டீச்சர். நீங்க சொன்னாக் கேப்பா."

பிறகு அதிகாரிகள் வந்து சுவரை உடைத்தார்கள். பூச்சுக்குள் டேப் சுற்றிய ஜாயிண்ட் இருந்தது. நுரை பொங்கியதாக அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி. போலீஸில் நானும் எழுதிக் கொடுத்தேன். கேஸிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். இன்டீரியர்காரர் மேல் கேஸ் நடக்கிறது. நடந்துகொண்டே இருக்கிறது. அவர் ஜாமீனில் வெளியே வந்து வேறு வீடுகளுக்கு அலமாரி போட்டுக்கொண்டிருக்கிறார். ஏஜென்சியில் இவரைத் திரும்ப ஃபிட்டர் வேலைக்கே கூப்பிட்டார்கள். போகவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் செய்ததை ஊரில் பாதிப் பேர் கிறுக்கு என்றார்கள். தான் குழாய் போட்ட வீடுகளுக்கெல்லாம் ஒன்றுவிடாமல் போனார். கதவைத் தட்டி, ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கும்பிட்டார். சிலர் உள்ளே விட்டார்கள். சிலர் விரட்டினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் கணவர் தானே கதவைத் திறந்து, விலகி வழிவிட்டார். ஒரு மணி நேரம் அந்தக் குழாயோடு ஊர்ந்து ஊர்ந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். பிறகு ஆள் கண்ணில் படவே இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, தேர்தல் பயிற்சி வகுப்புக்காகச் சிங்கம்புணரிக்குப் போயிருந்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அவரைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பை. அங்கே ஒரு தென்னைநார்க் கிட்டங்கியில் காவல் வேலையாம். மனைவியும் கூட வந்துவிட்டாராம். தாடி முழுக்க வெளுத்திருந்தது. உதட்டில் அந்தத் தழும்பு இருந்தது.

"நல்லாருக்கீகளா டீச்சர்? உங்க பையன் என்ன படிக்கிறான்?" என்றார்.

பதில் சொன்னேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை. இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, உங்களுக்கு வாசம் தெரியாதுங்கிறதை எங்க வீட்டுக்காரர்கிட்ட நான்தான் சொன்னேன். அங்குட்டிருந்துதான் ஏஜென்சிக்குப் போச்சு."

"தெரியும் டீச்சர்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. உங்க ஒருத்தவுககிட்டதான நான் சொல்லியிருந்தேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அப்புறம் ஏண்ணே என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கெட்ட எண்ணத்துல சொல்லியிருக்க மாட்டீக." காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு நாச்சியாபுரத்துல, நீங்க போன்ல என்ன சொன்னீகன்னு அந்தம்மா என்கிட்ட சொல்லல டீச்சர். போனை வச்சுட்டு, 'சரி, மக பசியோட வந்துருவா, மாட்டிட்டுப் போங்க'ன்னு மட்டுந்தான் சொன்னாக. நான் நெனச்சேன், நீங்களே மாட்டச் சொல்லிட்டீகன்னு. நீங்க என் வேலையப் பக்கத்துல இருந்து பாத்தவுக. மூக்கு இல்லாதவன், நம்மதான் தப்பாப் பாத்துட்டோம் போலன்னு நெனச்சுத்தான் மாட்டுனேன். அந்தச் சோத்துக்காக இல்ல."

காரைக்குடி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து இரண்டு தடவை கேட்டார். நான் ஏறவில்லை.